இரண்டு எழுத்தில் நின்றுபோன கம்ப்யூட்டர்

12 ஜூலை 1999, திங்கள்

கா. 7-க்கே வேர்வை. ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை ரயிலில் நின்றபடி. வீட்டுக்காரர் தேவராஜுக்கு (தே.) பட்டறையில் முதல் ஷிப்ட், டீ கூடக் குடிக்காமல் ஓடினார்.

இன்றைய வேலை: லிலோ.

இயந்திரங்களுக்கு இரும்புத் தண்டு (ஷாஃப்ட்) செய்கிற எங்கள் கம்பெனிக்கு ஒரே கம்ப்யூட்டர், அதில் இரண்டு சிஸ்டம். ஷாஃப்ட் அளவுப் பதிவுகள் விண்டோஸில். மெயிலும் வரைபடமும் லினக்ஸில். ஆன் செய்ததும் 'எது வேண்டும்?' என்று கேட்கிற சின்ன புரோகிராம்தான் லிலோ. நாம் பேசாமல் இருந்தால் அதுவே லினக்ஸைத் திறந்துவிடும். அளவு பார்க்கிற சேகர் தினமும் அலறல்: "மேடம், இன்னா மேடம் இது, கறுப்பா எழுத்து எழுத்தா வந்துகினு கீது!"

முதலாளி: "நீயே பாரும்மா."

பார்த்தேன். அமைப்புக் கோப்பைத் திறந்து, தானாக வர வேண்டியது விண்டோஸ், காத்திருக்கும் நேரம் 5 என்று மாற்றினேன். பத்திரிகையோடு வந்த சிடியில் புது லிலோ இருந்தது. அதையும் போட்டுவிட்டேன். மா. 5.30. யாரிடமும் கேட்காமல் செய்த வேலை. ஸ்கிரீனுக்கு உறை மாட்டும்போது லேசாகப் பாட்டு கூட வந்தது.

13, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

கா. 8.30. ஆன் செய்தேன். எல், ஐ. இரண்டே ஆங்கில எழுத்து. லிலோ என்று முழுசாகக் கூட வராமல் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி. மறுபடி. அதே எல், ஐ.

11 மணிக்கு வெளியிலிருந்து சர்வீஸ் இன்ஜினீயர். ஐந்தே நிமிடம் பார்த்தார். "ஃபார்மட் பண்ணிடலாம் சார். வேற வழியில்ல."

ஃபார்மட் என்றால் எல்லாம் அழியும். மூன்று வருடத்து அளவுப் பதிவு. ஃப்ளாப்பியில் எடுத்து வைத்தது மார்ச் வரைதான். வியாழனன்று பெரிய கஸ்டமரின் ஆட்கள் வருவதே அந்தப் பதிவுகளைப் பார்க்கத்தான்.

முதலாளி தலையாட்டப் போனார். என் வாய் தானாகத் திறந்தது.

"சார், தப்பு என்னோடது. நேத்து நான்தான் மாத்தினேன். உள்ள எதுவும் அழியல, வழிதான் தெரியாம நிக்குது. டைம் குடுங்க."

அவர் காலண்டரைப் பார்த்தார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும். அதுக்கு மேல முடியாதும்மா."

லினக்ஸ் போட்ட அன்று செய்து வைத்த அவசர ஃப்ளாப்பி என் டிராயரிலேயே இருந்தது. பூஞ்சை. கம்ப்யூட்டர் அதைப் படிக்கவில்லை.

மாலை பஸ் பிடித்து கரையான்சாவடி. ஜெசி அங்கே கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறாள், எனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். தடிப் புத்தகத்தை விரித்தாள்.

"ஃபைல மாத்தி, புது லிலோ போட்டா மட்டும் பத்தாதுடி. அப்புறம் லிலோன்னு அடிச்சு என்டர் தட்டணும், அப்பதான் புது இடத்த டிஸ்க்குல எழுதும், இல்லன்னா பழைய இடத்தையே தேடி நின்னுடும். தட்டுனியா?"

"இல்ல."

சிரித்தாள் சிரித்தாள், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவசர ஃப்ளாப்பி இரண்டு செய்து கொடுத்தாள். ஒன்று போனால் ஒன்று.

கோவில்பதாகை வந்து சேரும்போது நல்ல மழை. தே. சோறு வடித்து, கருவாடு வறுத்து வைத்திருந்தார். "இன்னா, மூஞ்சி இப்படி கீது?" சொன்னேன். "நீதானே கெடுத்தே? அப்போ எங்க கெட்டுச்சுன்னு உனக்குத்தான் தெரியும். மொதல்ல துன்னு."

14, புதன்

1. ஃப்ளாப்பி போட்டு ஆன்.
2. டிஸ்க்கில் லினக்ஸ் இருக்கும் பாகத்தின் பெயரை அடிக்க வேண்டும் (ஜெசி துண்டுச் சீட்டில் எழுதித் தந்தது).
3. உள்ளே போய், லிலோ. என்டர்.

பின்னால் முதலாளி, சேகர், வாட்ச்மேன்கூட. ஸ்கிரீனில் இரண்டு வரி. விண்டோஸ் சேர்ந்தது, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, தானாக வரப்போவது இதுதான் என்று. லினக்ஸ் சேர்ந்தது. அவ்வளவே. ஃப்ளாப்பியை வெளியே எடுத்து மறுபடி ஆன்.

எல், ஐ, எல், ஓ. நான்கு எழுத்தும் வந்தது!

பதிவுகளைத் திறந்தேன். முதல் வருடம், இரண்டாவது, மூன்றாவது, போன சனிக்கிழமை வரை. கண்ணில் தூசி என்றேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

ஆனால் கேள்வி கேட்டு மூச்சுவிடுவதற்குள் விண்டோஸுக்குத் தாவுகிறது, லினக்ஸைத் தேர்ந்தெடுக்க நேரமே இல்லை. சேகர்: "மேடம், கைய வெக்கிறதுக்குள்ள பூடுச்சி!" புத்தகத்தில் தேடினேன். நேரத்தை நொடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணுமாம். நான் போட்ட 5 என்பது அரை நொடி. 50 ஆக்கினேன். இந்த முறை மறக்காமல் லிலோ, என்டர். ஐந்து நொடி. அளவு சரி.

முதலாளி: "நான் ஃபார்மட் பண்ணச் சொல்லியிருப்பேன்மா."

மத்தியானம் முழுக்கப் பதிவுகளை ஃப்ளாப்பியில் பிரதி எடுத்தேன். இனி வாரா வாரம்.

15, வியாழன்

கஸ்டமர் ஆட்கள் மூன்று பேர். போன வருடம் அனுப்பிய ஷாஃப்ட் ஒன்றின் அளவு கேட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எடுத்துக் காட்டிவிட்டேன்.

"இதையெல்லாம் யார் பாத்துக்கறாங்க?"

"எங்க ரெபேக்கா மேடம்" என்றார் முதலாளி. ஆறு வருடமாக அவருக்கு நான் 'அந்தப் பொண்ணு'தான். வேறு யாரையோ சொல்கிறார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

நீலப் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க வேண்டும்.

18, ஞாயிறு

கோயில் ஆராதனை முடிந்து நெமிலிச்சேரி, தே.-யின் அண்ணன் வீடு. சாப்பிட உட்கார்ந்ததும் தே. ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணாத்தே, மூணு வருசத்துப் பதிவு மொத்தமும் உள்ள மாட்டிகினு கீது. இன்ஜினீயரே கைய விரிச்சிட்டான். இவ போனா, ஒரே ஒரு பட்டன், டப்புனு எழுந்துகினு நின்னுச்சி!"

பட்டன் இல்லை, கட்டளை. ஒரு தடவையும் இல்லை, இரண்டு தடவை. திருத்தவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் விட மனம் வரவில்லை.

"கெடுத்ததும் நான்தான் மாமா" என்றேன்.

தே. இலையிலிருந்து நிமிர்ந்தார். "அத்தயும் இவளேதான் அல்லார் முன்னாலயும் சொன்னா, தெரியுமா?" என்று அதையும் சேர்த்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.