கோட்டைக்குப் போன கார்த்திகைப்பூ

எல்லையம்மன் துணை

யாழ்ப்பாணத்துறையில் தோணிக்குச் சரக்கு ஏற்றும் என் வீட்டுக்காரருக்கு, பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து லோகநாயகி கும்பிட்டு எழுதிக்கொண்டது. உங்கள் பேரை நான் சொல்லக்கூடாது. ஓலையின் மேல் அதைக் கோயில் கணக்கர் உலகநாதன் ஐயாவே எழுதிக்கொள்வார். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவரும் அவர்தான். அங்கே நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று வழக்கம்போல் எழுதப் போனார். நிறுத்திவிட்டேன்.

நம் பொன்னி மீஞ்சூரில் என் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதை உட்கார்ந்து கேளுங்கள்.

உங்கள் தம்பி பச்சைமுத்து செத்துவிட்டான். கடல் கொண்டுபோகவில்லை. கோட்டையில் இருக்கும் உலாந்தா நாட்டு வெள்ளைக்காரன் அடித்துக் கொன்றான்.

அவர்கள் சாமி பிறந்த பண்டிகைக்கு வருஷா வருஷம் கூடத்தில் சிவப்புப்பூ கட்டுவது உங்களுக்குத் தெரியும். நாம் வாசற்படி தாண்ட விடாத கார்த்திகைப்பூதான் அது. வீட்டுக்குள் வந்தால் ரத்தம் பார்க்காமல் போகாது என்று நாம் ஒதுக்குவோம். அவர்களுக்கோ அது இல்லாமல் பண்டிகையே இல்லை. போன வருஷம் வரை கொடியை அறுத்துக் கூடையில் கொடுத்தோம். இப்போது வந்திருக்கும் புதுத் துரைசானிக்கு அறுத்த பூ வாடுகிறதாம். வேரோடு சட்டியில் வேண்டும், பண்டிகை முடியும்வரை நிற்க வேண்டும் என்று உத்தரவு. நானும் பச்சைமுத்து பெண்டாட்டி தெய்வநாயகியும் ஏரித் தீவுக்குப் போய் முள்ளுப் புதரில் கிழங்கோடு தோண்டினோம். அவளுக்கு ஏழாம் மாதம். வேண்டாம் என்றால் கேட்டால்தானே. படகு ஓட்டினது பச்சைமுத்து.

திரும்பும்போது வாடைக்காற்று படகைத் தூக்கிப் போட்டது. சட்டிகளில் பாதி உடைந்துபோயின. கோட்டைத் துறையில் காவல் தலைவன், அந்தச் செந்தாடிக்காரன், ஓட்டாஞ்சில்லைக் காலால் தள்ளிப் பார்த்தான். பச்சைமுத்து கையெடுத்துக் கும்பிட்டு, காத்து சாமி, நான் இன்னா பண்றது என்று சொன்னான். அவ்வளவுதான். செந்தாடிக்காரன் அவன் துடுப்பையே பிடுங்கி அடித்தான். முதல் அடியில் காது கிழிந்தது. விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. மண்டை உடைந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. நான் குறுக்கே விழுந்தேன். என் இடது கை இப்போது மடங்காது. ஒரு பூச்செடிக்காக, மாமா.

தெய்வநாயகி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இந்தக் கோட்டையே வயிறு வெந்து சாக என்று மண்ணை வாரித் தூற்றினாள். அங்கே நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது.

உடைந்த சட்டிகளின் கிழங்குகள் சிதறிக் கிடந்தன. காவல்காரர்கள் குளிருக்கு நெருப்பு மூட்டியிருந்தார்கள். செந்தாடிக்காரன் ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டி, தின்னலாமா என்று வாயைக் காட்டி என்னைக் கேட்டான். அவன் புறங்கையில் பச்சைமுத்துவின் ரத்தம் காயவில்லை. அது கலப்பைக் கிழங்கு, தின்றால் சாவு என்று நம் குப்பத்தில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். உலகநாதன் ஐயா எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். எழுதுங்கள் என்றேன்.

சுட்டுத் தின்றார்கள். விடிவதற்குள் வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. செந்தாடிக்காரன் சாகும்வரை கத்தினான் என்று கோட்டைக்குத் தண்ணீர் சுமக்கிறவள் சொன்னாள். கூடத் தின்றவர்களில் இருவரும் செத்துப்போனார்கள். பிழைத்த ஒருவனுக்குத் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்கிறதாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. பாவம் என்று தோன்றவில்லை. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

பண்டிகை நிற்கவில்லை. மிஞ்சிய சட்டிகளைக் கூடத்தில் வரிசையாக வைத்துக் கொண்டாடினார்கள். மறுநாள் குப்பத்துக்குத் தீ வைத்தார்கள். படகுகளைக் கோடரியால் பிளந்தார்கள். நீங்கள் பின்னி வைத்துவிட்டுப் போன வலையும் எரிந்துபோயிற்று. சாபம் போட்டவள்தான் விஷம் வைத்தாள் என்று தெய்வநாயகியின் கையைக் கட்டி இழுத்துப் போனார்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் பத்தாவிக்குப் போகும் கப்பலில் அவளை அடிமையாக ஏற்றப் போகிறார்களாம்.

நம் குப்பத்துத் தலைவர் நாட்டார் என்னை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும் என்றார். தெய்வநாயகி யாருக்குத் தலைப்பாகை என்று கேட்டேன்.

இந்த ஓலை தோணி ஏறும்போது நான் கோட்டை வாசலில் நிற்பேன். அவள் வாயால் சபித்ததோடு சரி, தலையாட்டியவள் நான் என்று சொல்வேன். அவளை விடுவார்களோ மாட்டார்களோ தெரியாது. விட்டால் என் அண்ணன் மீஞ்சூருக்குக் கூட்டிப்போவார். பிறக்கிற பிள்ளையை உங்கள் பிள்ளையாகவே வளருங்கள். பொன்னிக்கு வேலியில் சிவப்பாக எதைக் கண்டாலும் பறிக்கிற புத்தி. கையைத் தட்டிவிடுங்கள்.

உங்கள் கோபம் எனக்குத் தெரியாததா? அரிவாளோடு வந்துவிடாதீர்கள். செந்தாடிக்காரனை உங்களுக்கு நான் மிச்சம் வைக்கவில்லை. வரும்போது வலைநூல் வாங்கிக்கொண்டு வாருங்கள், மாமா. குப்பத்தில் ஒரு வலைகூட இல்லை.

எல்லையம்மன் உங்களைப் பிள்ளைகளிடம் கரை சேர்க்கட்டும்.

உங்கள்
லோகநாயகி