பையர் பாடுகிறார், நான் வாசிக்கிறேன்

11 ஜனவரி 1993, திங்கள்
ஜூனில் எங்கள் கல்லூரி இசைத்துறையை மூடிவிட்டு கார்மெண்ட் டிசைன் வகுப்பு தொடங்கப் போகிறார்களாம். தாளாளர் வெள்ளியங்கிரியே கூப்பிட்டுச் சொன்னார். "மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர். பியானோ படிச்ச பொண்ணு பனியன் கம்பெனியில என்னத்தைங்க செய்யும்?"
அவருடையது பனியன் கம்பெனி. இத்தனை வருஷமாகப் பாடுகிறவர்களுக்கெல்லாம் துணைக்குப் பியானோ வாசித்தேன். இப்போது எனக்கு யார் துணை?

14, வியாழன்
பொங்கல். பானை பொங்கியது. நானும்தான் – வீட்டுக்காரர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

18, திங்கள்
மறுபடியும் தாளாளர். குரலில் தேன். அவரிடம் பனியன் வாங்கும் ஜெர்மன் பையர் வால்டர் வருகிறார். பாட்டுப் பைத்தியமாம், விருந்தில் பாட வேண்டுமாம். "அவரு பாடட்டும். நீங்க பின்னால டொங்கு டொங்குன்னு தட்டிட்டிருந்தாப் போதுமுங்க."
டொங்கு டொங்கா!
சரி என்றேன். ஏன் சொன்னேன்? வாசிக்கக் கூப்பிட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது.

22, வெள்ளி
கல்லூரிப் பியானோ, பனியன் துணி சுற்றிக்கொண்டு, டெம்போவில், நாளை விருந்து நடக்கும் முதலிபாளையத்துக்குப் போனது. சுமை இறக்கிய மதுரைக்காரர் காசிமாயன் ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தார். "என்னக்கா, தொட்டாலே அழுவுது?"
அழாமல்? சுருதி கூட்டவே பொழுது சாய்ந்தது.

23, சனி
வால்டர் நல்ல மனிதர். குரலும் மோசமில்லை. ஆனால் தாளம் எண்ணவே மாட்டேங்கிறார்! காத்திருக்க வேண்டிய இடத்தில் பாய்கிறார். இரண்டாம் பாட்டில் ஒரு பக்கத்தையே தாண்டிவிட்டார். ஐயோ – நானும் தாளைப் புரட்டிக்கொண்டு பின்னாலேயே தாவினேன். பிறகு ஞாபகம் வந்து, விட்ட பக்கத்துக்கே திரும்பினார். நானும் திரும்பினேன். ஒரே கைதட்டல்.
தாளாளர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏனுங்க டீச்சர், தாளை அப்பிடியும் இப்பிடியும் பொரட்டுனீங்களே? பழகாம வந்துட்டீங்களா?"
நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். பாடுகிறவரைக் காட்டிக் கொடுப்போமா? கண்ணில் தண்ணி வந்திருச்சு, சனியன்.
என்ன பேச்சு என்று வால்டர் விசாரித்தார். கம்பெனி மேனேஜர் இங்கிலீஷில் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "தப்பு என்னோடது. ஒரு பக்கத்தையே விட்டுட்டேன். இவங்க பிடிக்கலேன்னா மேடையிலேயே விழுந்திருப்பேன். இப்படி வாசிக்க எங்க ஊர்லயே ஆள் கிடைக்காது. எந்தக் கல்லூரி?"
தாளாளர் முகம் அயர்ன் போட்ட காலர் மாதிரி நிமிர்ந்தது. "எங்க காலேஜுங்க! எங்க டீச்சருங்க!"

5 ஜூலை, திங்கள்
பக்கத்து அறையில் தையல் மிஷின்கள். இந்த அறையில் நாங்கள், மூடாமல் விட்ட இசைத்துறை. துணைக்கு வாசிப்பதற்கென்றே இந்த வருஷம் தனி வகுப்பு. வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாருமே பாடத்தான் ஆசைப்படுகிறார்கள்.
"வாசிக்க யார் வர்றீங்க?"
கடைசி பெஞ்சிலிருந்து கருத்தம்மா எழுந்தாள். "நான் வாரேன் டீச்சர். முன்னால நின்னு பாடப் பயமா இருக்கு."
"இங்கே உக்காந்தா ரெண்டு பேரோட பயமும் உன்னோடதுதான், கண்ணு" என்றேன்.
அப்படியும் வந்து உட்கார்ந்தாள்.