வாக்கு பாதியில் நின்றது

அன்பு மகள் கோகிலவாணிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் ஆடு மாடும் நல்லபடியாக இருக்கிறோம், பூனாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று காளியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். சாமை கதிர் வாங்கிவிட்டது. அப்பா முட்டி வலிக்கு ஒடுகத்தூர் போய் ஊசி போட்டு வந்தார், வந்ததும் வராததுமாகக் கொள்ளு விதைக்கக் கிளம்பிவிட்டார், சொன்னால் கேட்கிற ஆளா அவர். இதைப் போனில் சொன்னால் நீ "பரவால்லம்மா வுடு" என்று வைத்துவிடுவாய், அப்படி நீ விட்டுவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஆடித் திருவிழாவில் உன் ஒலிபரப்பு நின்றுபோனதே, அது உன் புரோகிராமால் இல்லை. நிறுத்தியது நான். குடகுத் தோட்டத்திலும் திருப்பூரிலும் பிழைக்கப் போன நம் ஆட்கள் கோயில் மேளத்தையும் சாமி வாக்கையும் அங்கிருந்தே கேட்கட்டும் என்று லீவு நாளெல்லாம் உட்கார்ந்து அந்த வெப்சைட்டைச் செய்தாய், மலையில் சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் சத்தம் அறுந்துபோகாமல் பார்த்துச் செய்தாய். பூசாரி பக்கத்தில் போனை வைத்துப் பட்டனை அழுத்துகிற வேலையை என்னை நம்பிக் கொடுத்தாய். மேளம் நன்றாகத்தான் போனது. பூசாரிக்கு அருள் வந்ததும் எனக்குப் பதறியது. நம் கோயிலில் தலைக்குக் குளித்து ஈரத்துணியோடு வெறுங்காலில் நிற்பவர்களுக்குத்தானே வாக்கு. வெளியூரில் இருக்கிறவன் செருப்புக் காலோடு கேட்பானோ, கறிச்சோறு தின்றுகொண்டே கேட்பானோ, சாமி குத்தம் ஆகிவிடுமே என்று அணைத்துவிட்டேன். அணைத்த கையோடு சாமி, "மணிவேலு எங்கடா? இந்த வாட்டி புள்ள தங்கும்னு அவங்கிட்ட சொல்லு" என்றது. பக்கத்து வீட்டுச் செல்லி, எம் புள்ள போன்ல கேட்டுக்கினுதான் இருக்கான் தாயே என்று அழுதாள். நான் போனை முந்தானையில் மூடிக்கொண்டு நின்றேன்.

மணிவேல் பெண்டாட்டிக்கு இரண்டு முறை கலைந்து இது மூன்றாவது. செல்லி சொல்லிப் பார்த்தாள், தன்னைத் தேற்றுவதற்காக அவளே சொல்கிறாள் என்று அவன் நம்பவில்லை. நீயோ வாட்ஸ்அப் குரூப்பில் "என் தப்புதான், மன்னித்துவிடுங்கள்" என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. பெற்ற பெண்மேல் பழியைப் போட்டுவிட்டு எப்படித்தான் கஞ்சி குடித்தேனோ. எல்லாவற்றையும் மூடிவிடப் போகிறேன் என்று நீ சொன்னதும் தாங்க முடியாமல் இன்று காலை செல்லியிடம் போய்ச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "எம் புள்ளகிட்ட நீயே சொல்லு, சாமி இன்னா சொல்லுச்சுன்னு" என்று போனைப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

அவன் குடகில் தோட்டத்து வேலையில் இருந்தான், அங்கே மழை. நடந்ததைச் சொல்லி, இப்போது வாக்கைச் சொல்கிறேன் கேள் என்றேன். "இருங்க அத்தே, நனைஞ்சுதான் நிக்கிறேன், செருப்ப மட்டும் கழட்டிக்கிறேன்" என்றான்.

குரூப்பில் "நிறுத்தியது என் அம்மா" என்று பேர் போட்டு எழுது. அந்த வெப்சைட்டை மூடாதே. அம்மன் உனக்குத் துணையிருப்பாள், நீ நூறு வருஷம் நல்லா இருப்பாய். ராத்திரி வேலையில் பட்டினி கிடக்காதே.

உன் பேரைக் கெடுத்த அம்மா,
சின்னக்குழந்தை