இரண்டு பொட்டலம் அரளி

ஃப்ரீவே ஓரத்தில் அரளி மறுபடி பூத்துவிட்டது. வெள்ளையும் சிவப்பும் அடுத்தடுத்து. பேர்லேண்ட் கோயிலுக்கு அந்த வழியாகத்தான் போகவேண்டும். இன்று பாதியிலேயே காரைத் திருப்பிக்கொண்டு வந்து, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்த வாரம் டாக்டரிடம் நானும் வந்தேன். மருந்து இரண்டு இருக்கிறது என்றார். பழையது ஒன்று, புதிதாக வந்தது ஒன்று. சிலருக்கு இது கேட்கிறது, சிலருக்கு அது. உனக்கு எது கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. உன் உடம்போ ஒன்றைத்தான் தாங்கும்.

தொழிற்சாலையில் மாதிரி எடுத்துச் சோதிக்காமல் ஒரு பீப்பாயைக்கூட வெளியே விடாதவன் நான். கட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து இரண்டு மருந்தையும் அதில் போட்டுப் பார்க்கக் கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். கண்ணாடித் தட்டில் சாகிற செல் உடம்புக்குள் சாவதில்லை என்றார் டாக்டர், பொறுமையாக.

காரில் நீ என்னைச் சீண்டினாய். “வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து ப்ராபபிலிட்டி, ப்ராபபிலிட்டின்னு என் உயிரை எடுத்தியே, இப்ப சொல்லுடா.”

“நூறு பேருக்குன்னா ஏதாவது சொல்லலாம். ஒருத்தனுக்குன்னா...”

“நான் ஒருத்தன்தானேடா இருக்கேன்.”

நியூ ஜெர்சியில் உன் மகளுக்குத் தை மாதம் பிரசவம். அந்தக் குழந்தையைக் கையில் வாங்கும்வரை இருந்தால் போதும் என்பாய். வேறெதுவும் நீ கேட்கவில்லை.

பூக்கட்டிப் பார்க்கலாம் என்றது உன் மனைவி லலிதா. புது மருந்துக்கு வெள்ளரளி, பழையதற்குச் செவ்வரளி என்று காகிதத்தில் மடித்து அம்பாள் முன்னால் வைத்தாள். வேலை நாள் நண்பகல். எடுத்துக் கொடுக்க ஒரு குழந்தைகூடக் கோயிலில் இல்லை. நீ என்னைப் பார்த்தாய்.

“நான் வேண்டாம்டா.”

“சும்மா எடு. இதுக்கும் ஃபார்முலா வேணுமா உனக்கு?”

எடுத்தேன். வெள்ளை. “ரெண்டுமே விஷம்தான். அரளி பொருத்தமாத்தான் இருக்கு” என்று சிரித்தாய். லலிதா சிரிக்கவில்லை.

மார்கழிக்குள் கட்டி வளர்ந்திருந்தது. சோபாவில் சுருண்டு படுத்தபடி, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: “நீ எடுத்தது தப்பில்லடா. மூணாவதா ஒரு வெறும் பொட்டலமும் வெச்சிருக்கணும். ரெண்டுல ஒண்ணு கேட்டே ஆகணும்னு யார் சொன்னா?” என்னைத் தேற்றவே சொன்னாய். பேத்தி பிறந்தபோது நீ இல்லை.

போன வாரம் கலிபோர்னியாவிலிருந்து என் மகன் பேசினான். ஆய்வுக்கூடத்தில் வேலை அவனுக்கு. “ட்யூமரோட ஜீன்ஸைப் படிச்சு, யாருக்கு எந்த கீமோ வொர்க் ஆகும்னு ஒருநாள் ப்ரெடிக்ட் பண்ணிடலாம்ப்பா.” நல்லது என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அப்படியானால் அன்று நண்பகல் அந்தப் பதில் உன் வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்கிறது. படிக்கத் தெரியாமல் நான் கையை நீட்டியிருக்கிறேன்.

அந்த நாள் சீக்கிரம் வரட்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். வரும்போது நான் இருக்கவேண்டாம் என்றும்.