டாக்டர் ஓட்டின கார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. இங்க நாங்க ரெண்டு பேரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகம்னு போன்ல சொன்னீங்க, ஆனா போன்ல யாரும் முடியலைன்னு சொல்றதில்ல, அதனால பதில்ல ரெண்டு வரி உண்மையா எழுது. பேசினா போதாதா, எதுக்கு கடிதம்னு கேப்ப. பேசினா உங்கப்பா பக்கத்துல உட்கார்ந்து வார்த்தைக்கு வார்த்தை திருத்தம் சொல்லுவார், அவர் திருத்தின கதைதான் இப்ப தெருவெல்லாம் சுத்துது, நடந்த கதை என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் பழைய கார் ஒண்ணு வாங்கப் போறோம், பார்க்க பளபளன்னு இருக்குன்னு சொன்னியே, அந்தப் பளபளவைக் கேட்டுட்டுத்தான் உட்கார்ந்து எழுதுறேன்.

உங்கப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனதும் வாரத்துக்கு ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில நடைப் பயிற்சிக்கு வரச் சொன்னாங்கன்னு உனக்குத் தெரியும். பஸ்ஸோட படி அவர் இடுப்பு உயரத்துல இருக்கு, டாக்சிக்காரங்களுக்கோ வாக்கரைப் பார்த்ததும் திடீர்னு வேற சவாரி ஞாபகம் வந்துடுது. மூணு தடவை போக முடியாம போச்சு. இப்படியே விட்டா கால் மடங்காமலே நின்னுடும்னு பயிற்சி குடுக்கிற அம்மா முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. சரி கார் வாங்கிடலாம்னு முடிவு பண்ணோம். நம்ம கையில இருந்ததுக்கு ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கலாம் இல்லன்னா ஒரு மோசமான கார் வாங்கலாம். அந்த நேரம் பார்த்து உன் சித்தப்பா வந்து சேர்ந்தார். அவர் இதுவரைக்கும் சைக்கிளுக்கு மேல எதையும் வாங்கினதில்ல, ஆனா கார் வீடியோ ஒண்ணு விடாம பார்க்கிறவர். அண்ணனும் தம்பியும் ஒரு நோட்டு போட்டு மைலேஜ், டார்க், பிக்கப்னு கட்டம் கட்டி எழுதினாங்க. டார்க்னா என்னன்னு கேட்டேன், சித்தப்பா அது ஒரு சக்தி அண்ணின்னார், உங்கப்பா ஆமா சக்தின்னார். டிக்கியில வாக்கர் நுழையுமான்னு கேட்டேன், ரெண்டு பேரும் என்னைப் பரிதாபமாப் பார்த்தாங்க.

விளம்பரம் பார்க்கப் பார்க்க எனக்கு ஒண்ணு புரிஞ்சுது, உலகத்துல விக்க வர்ற பழைய கார் எல்லாத்தையும் ஒரு டாக்டர்தான் ஓட்டியிருக்கார். வீட்டுல இருந்து கிளினிக், கிளினிக்ல இருந்து வீடு, வேற எங்கயும் போகவே இல்ல. புரோக்கர் இடத்துல நாங்க பார்த்த வெள்ளைக் காரும் அப்படித்தான், முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலையாம். சித்தப்பா போனதும் டயரை எட்டி உதைச்சார், எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்புறம் பானெட்டைத் திறந்து மூணு தலையும் உள்ள போச்சு. இஞ்சினை ஓடவிட்டு உங்கப்பா கச்சேரி கேக்கிற மாதிரி கண்ணை மூடித் தலையாட்டினார். நான் சும்மா இருக்காம டிரைவர் சீட்ல போய் உட்கார்ந்தேன். பதினாறு வருஷமா கார் சீட்டுக்கு உறை தைக்கிறவளுக்கு உட்கார்ந்ததுமே தெரிஞ்சுது. ஏறி இறங்குற பக்கத்து ஓரம் நசுங்கிக் கிடக்கு, உள்ள இருக்கிற நுரை செத்துப்போச்சு, பிரேக் பெடல்ல ரப்பர் மொட்டையா வழவழன்னு இருக்கு. முப்பதாயிரத்துல இது நடக்காதுடி, மீட்டரைத் திருப்பலாம், நுரையைத் திருப்ப முடியாது. சென்ட் வாசனை வேற தலையைச் சுத்துது. சீட்டுக்கு அடியில கையை விட்டா போல்ட்டெல்லாம் துரு, கீழ விரிச்ச கார்ப்பெட்டைத் தூக்கினா முகத்துப் பவுடர் மாதிரி நைசா காய்ஞ்ச சேறு. டாக்டர் ஆத்துக்குள்ளயா கிளினிக் வெச்சிருந்தார்னு கேட்டேன். தண்ணி விட்டுக் கழுவினதுல வந்த தூசி மேடம்னார் புரோக்கர். இஞ்சின்தான் முக்கியம் அண்ணி, சீட்டைப் பார்த்து யாராவது கார் வாங்குவாங்களான்னார் சித்தப்பா. நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்காதேன்னு உங்கப்பா பல்லைக் கடிச்சார், அதுக்குள்ள முன்பணம் குடுக்கக் கை பாக்கெட்டுக்குப் போயாச்சு.

எனக்கு எங்க இருந்து கோபம் வந்துதோ, கார் சாவியை உருவி என் கைப்பையில போட்டுக்கிட்டேன். எங்க கடைக்குப் பக்கத்துல இருக்கிற மெக்கானிக் வந்து பார்க்கட்டும், அப்புறம் தர்றேன்னேன். அவர் வந்து பத்தே நிமிஷம் காருக்கு அடியில படுத்தார். எழுந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்து காட்டினார், அங்கயும் அதே சேறு. சீட் வரைக்கும் வெள்ளத்துல நின்ன கார் இது அக்கா, வயர் ஒண்ணொண்ணா போகும், என்னைக்காவது நடுரோட்டுல உங்களையும் வெச்சுக்கிட்டு நின்னுடும்னார். புரோக்கருக்கு வெக்கம் வந்துதுன்னு நினைக்கிறியா? அப்படியா, டாக்டர் என்கிட்ட சொல்லவே இல்லையேன்னார். வீட்டுக்கு வந்து உங்கப்பா வாக்கரைச் சுவரோரமா சாத்திட்டு, இடுப்பு மட்டும்தான் போச்சுன்னு நினைச்சேன், புத்தியும் போயிடுச்சு போலன்னார். எத்தனையோ சண்டையில நான் ஜெயிச்சிருக்கேன், இதுல ஜெயிச்சது மட்டும் எனக்குப் பிடிக்கல.

அப்புறம் மெக்கானிக்கே ஒரு இடம் சொன்னார். நூலகத்துல வேலை பார்த்து ரிட்டையரான ஒரு அம்மா. பதிமூணு வருஷத்துக் கார், வாடின கத்தரிக்காய் கலர், பின்னாடி இடிபட்ட ஒரு சொட்டை. ஆனா சர்வீஸ் பில் அத்தனையும் தேதிவாரியா ஃபைல்ல. அதுக்கு மேல காரோட குறை பதினொண்ணையும் அவங்களே ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாங்க, ஏசி சுமார், இடது கதவை உள்ள இருந்துதான் திறக்கணும், இப்படி. இவ்வளவு உண்மை சொல்றாங்கன்னா என்னமோ பெருசா மறைக்கிறாங்கன்னு சித்தப்பா என் காதுல சொன்னார். மெக்கானிக் இஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார், மேட்டுல ஏத்திப் பார்த்தார், காகிதத்துல இருக்கிற நம்பரும் வண்டியில அடிச்ச நம்பரும் ஒண்ணான்னு பார்த்தார். அழகு இல்ல, வியாதியும் இல்ல, பார்ட்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும், வாங்குங்கன்னார். டயரும் பேட்டரியும் மாத்தறதுக்கு ஒரு பங்கு ஒதுக்கிட்டுத்தான் விலை பேசினோம், நீயும் கையில இருக்கிறது முழுக்கக் கார்ல போட்டுடாதே. கடைசியில அந்த அம்மா, யார் ஓட்டப் போறீங்கன்னு கேட்டாங்க. உங்கப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவங்க வாக்கரைப் பார்த்தாங்க. நான்தான் ஓட்டப் போறேன்னு என் வாய் சொல்லிடுச்சு, எனக்கே அப்பதான் தெரியும்.

ஐம்பத்தஞ்சு வயசுல ஓட்டக் கத்துக்கிட்டேன். கத்துக்குடுத்தவர் முதல் நாள் நிறையப் பேசினார், ரெண்டாம் நாள்ல இருந்து மேல இருக்கிற கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு மௌனமா வந்தார். இப்ப நாலு மாசம் ஆச்சு, உங்கப்பாவோட இடுப்புப் பயிற்சிக்கு ஒரு நாள் தவறல, வாக்கர் போய் கைத்தடி வந்தாச்சு. உங்கப்பா பக்கத்துல உட்கார்ந்து பிரேக் பிரேக்னு கத்திக்கிட்டே வெறும் தரையை மிதிப்பார், அவர் இடுப்பு தேறினதே அதாலதான்னு எனக்கு ஒரு சந்தேகம். தெருவுல யார் பழைய கார் வாங்கினாலும் இப்ப அவர்கிட்டதான் யோசனை கேக்கிறாங்க, நான் முதல்ல சீட்டுக்கு அடியிலதான் கையை விடுவேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறார். சொல்லிக்கட்டும்.

இன்னொண்ணு, இது உனக்கு மட்டும். முந்தாநாள் மதியம் அவர் தூங்கும்போது சாவியை எடுத்துக்கிட்டுத் தனியா கிளம்பிட்டேன். வேலை ஒண்ணும் இல்ல. எத்தனை நூறு கார்ல உட்கார்ந்திருப்பேன், எல்லாம் நின்ன கார். பெரிய ரோட்டுல ரொம்ப தூரம் போயி, ஒரு மரத்தடியில நிறுத்தி, கண்ணாடியை இறக்கிட்டுக் கொஞ்ச நேரம் காத்து வாங்கிட்டு வந்தேன். எங்க போனேன்னு கேட்டார், நூல் வாங்கன்னேன். கையில நூல் இல்ல. பார்த்தார், அடுத்த தடவை போகும்போது டயர்ல காத்து பார்த்துக்கோன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டார்.

மாப்பிள்ளை ஓட்டுவார்னு நீ லைசன்ஸ் எடுக்காமலே இருக்க, காரை மெதுவா வாங்கிக்கலாம், அதை முதல்ல எடு. ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம, போன இடத்துல இருந்து பத்திரமா வீடு திரும்பி, நிறைஞ்சு வாழணும்.

எப்பவும் உன்னை நினைச்சுக்கிட்டிருக்கும்,
அம்மா