ஸம்ஸமில் ஊறிய லென்ஸ்

மச்சி,

இன்று காலை லென்ஸ் கூட்டில் கிடந்த பழைய மருந்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினேன். அந்த ஆஸ்பத்திரி வாடை மூக்கில் ஏறியதும் நீ நினைவில் வந்துவிட்டாய். பக்கத்தில் நின்ற என் கணவர், “நேத்துத்தானே ஊத்தின? ஏன் சும்மா கொட்டுறாய்?” என்றார். “குளிச்ச தண்ணியில மறுகாவும் குளிப்பீங்களா?” என்று கேட்டேன். அது உன் வசனம். மனிதர் மெல்ல நழுவிவிட்டார். நெஞ்சுவலி வந்து நீ மௌத்தாகி இரண்டு வருடமாகிறது, இன்னும் உன் வாய்க்கு முன்னால் யாராலும் நிற்க முடியவில்லை.

நீ என் மாமாவின் மகள், என்னைவிட மூன்று மாதம் இளையவள். கல்முனையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று உம்மா என் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவிட்டார். நான் கண்ணாடிக்காரி என்பதே மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் லென்ஸ். உனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் எடுத்துத் தந்து, போடவும் கழற்றவும் பழக்கினாய். தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ எடுத்த ஈரக்கையோடு தொடப்போனால் கையில் ஒரு அடி விழும். “வுழூ தொழுறதுக்கு. இதுக்குச் சவுக்காரம் போட்டுக் கழுவி, ஈரத்தத் துடைச்சிட்டுத் தொடு கா.”

கலியாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் மருந்துத் தண்ணீர் முடிந்துவிட்டது. உனக்குப் போனில் ஒரு கோல் எடுத்திருக்கலாம். ஆனால் வரப்போகும் மாமியார் மக்காவுக்கு உம்ரா போய்க் கொண்டுவந்து தந்த புனித ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தல் அலுமாரியில் இருந்தது. இதைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் ஏது என்று, பிஸ்மி சொல்லி லென்ஸை அதில் ஊறப்போட்டேன். மூன்றாம் நாள் வலக்கண்ணில் மிளகாய் பட்டது போல எரிச்சல். வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை.

சேதி கேட்டு நீ வந்ததும் முதலில் லென்ஸைக் கழற்ற வைத்தாய். பிறகுதான் விசாரித்தாய். நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவும் முடியாமல், ஏசவும் முடியாமல் நின்றாய்.

“ஸம்ஸம் குடிக்கத்தானே தந்தாங்க! கிணத்துத் தண்ணியோ ஸம்ஸமோ, லென்ஸுக்கு எல்லாம் தண்ணிதான். எழும்பு, ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

டொக்டருக்குக் காட்ட வேண்டும் என்று லென்ஸையும் கூட்டையும் பையில் போட்டுக்கொண்டாய். உம்மா வழியை மறித்தார். “கலியாணம் முடியட்டும் புள்ள. மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன கதைப்பாங்க?” நானும் உம்மாவின் பக்கம்தான் நின்றேன். நீ போனை எடுத்து மாப்பிள்ளைக்கே சொல்லிவிட்டாய். “அவக்குக் கண்ணாடி இல்லாட்டிப் பார்வ குறைவு. ஒங்களுக்கு ஒளிச்சிப்போட்டம். இப்ப கண்ணுல வருத்தம். கலியாணத்தப் பிந்திப் போடணும்.”

“ஓம், முதல்ல கண்ணப் பாருங்க” என்றாராம் அவர். எனக்கு அது காதில் ஏறவேயில்லை. என் மானத்தை வாங்கிவிட்டாய் என்று கத்தினேன்.

கருவிழியில் புண், இன்னும் ஒரு நாள் சுணங்கியிருந்தால் அந்தக் கண் போயிருக்கும் என்றார் டொக்டர். அதற்குப் பிறகும் மூன்று வாரம் உன்னோடு நான் கதைக்கவில்லை, பார். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டியிருந்தது. கடைக்கு லீவு போட்டு வந்து, மருந்தை விட்டவள் நீதான். உர்ரென்று இருந்த என் முகத்தை நிமிர்த்திப் பிடித்து, “கோவமா இரு. கண்ண மட்டும் திற” என்பாய்.

கலியாணம் பிந்தி நடந்தது, கண்ணாடியோடு. டொக்டர் சம்மதித்து மறுபடி லென்ஸ் போட ஒரு வருடமானது. உனக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. சொன்னால் நக்கலடித்தே கொன்றுவிடுவாய் என்று பயம். வெட்கமும்தான்.

உன் ஜனாஸா அன்று, கபன் துணியை விலக்கி முகத்தைக் காட்டினார்கள். அழுகையில் எல்லாம் மங்கிக் கிடந்தது. துடைத்துக்கொண்டு, இடக்கண்ணைக் கையால் பொத்தினேன். வலக்கண்ணுக்கு நீ நன்றாகத் தெரிந்தாய், மச்சி. அந்தக் கண்ணால் பார்த்த முகம்தான் இன்னும் என்னிடம் இருக்கிறது.