கழன்று கிடந்த கேபிள்

பெர்லின், ஞாயிறு காலை

அன்புள்ள அம்மாவுக்கு யோர்ன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஊரில் மழை விட்டதா? நான் நலம். காதில் மட்டும் கொஞ்சம் இரைச்சல்.

போன ஞாயிறு மதியம் கிளப்பில் ஒரு வேடிக்கை. நானும் ஹென்னிங்கும் ஜோடியாக மேடையில் இசைக்கத் தொடங்கிப் பதினான்கு வருடமாகிறது. எங்கள் டெக்னோ நடன இசையில் கீழே இடிக்கும் தாள அடி என்னுடையது, மேலே உறுமுவதெல்லாம் அவனுடையது. அன்று கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது தற்செயலாகக் குனிந்தேன். தாளம் எழுப்பும் என் டிரம் மெஷினின் கேபிள் கழன்று தரையில் கிடந்தது. அடியோ நிற்கவே இல்லை.

“கேபிள் கழண்டு கிடக்குடா!” என்று கத்தினேன்.

“மூணு வருஷமா அப்படித்தான் கிடக்கு. அடி என் லேப்டாப்புல இருந்து வருது. உன்னுது பழசாப் போச்சுடா.”

“அப்புறம் என்னை எதுக்கு நிறுத்தி வச்சிருக்க?”

“போஸ்டர்ல ரெண்டு மூஞ்சி இருக்கே. தலையை ஆட்டு, பாக்குறாங்க.”

ஆட்டினேன், அம்மா. முன்னால் நின்ற பெண் என்னைக் கைகாட்டி, “அடின்னா இதுதான்யா!” என்று அலறினாள்.

நம் ஊர்த் தேயிலையும் கற்கண்டும் அனுப்புங்கள். எங்கள் முதல் இசைத்தட்டையும் கூடவே வையுங்கள். அதில் அடிப்பது நான்தான். பக்கத்து வீட்டில் ஹென்னிங்கின் அம்மாவிடம் எதுவும் கேட்க வேண்டாம். அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

சவுண்ட் செக்குக்குக் கூப்பிடுகிறான். நான் போகாவிட்டாலும் சத்தத்தில் ஒன்றும் குறையாது. ஆனால் தாமதமானால் திட்டுவான்.

உங்கள் மகன்,
யோர்ன்